காப்பி ஆச்சு, மேடம்

சென்னை விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி என் கடப்பிதழைப் புரட்டிக்கொண்டே, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கடலூர்ப் பக்கம் சிலரிடம் சிறுநீர் வாங்கிப் போக வந்திருக்கிறேன் என்றேன். மனிதர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மேற்கொண்டு ஒரு கேள்வி இல்லை, முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். உண்மையைச் சொல்லி வேலை நடந்தது அந்தப் பயணத்தில் அது ஒரு முறைதான்.

எனக்குச் சொந்த ஊர் மலேசியாவில் கிள்ளான். வேலை கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில். ஜனங்கள் உண்மையில் எவ்வளவு காப்பி குடிக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அப்போது எங்கள் வேலை. கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறார்கள், இதற்கு ஓர் ஆய்வா என்று என் அக்காள் சிரிப்பாள். கேட்டால் சொல்வார்கள்தான், ஆனால் சொல்வது சரியாக இருப்பதில்லை. அதனால் சிறுநீரை வாங்கிப் பார்க்கிறோம். காப்பிக்கொட்டையை வறுக்கும்போது அதில் ஒரு பொருள் உண்டாகிறது. குடித்தவர்களின் சிறுநீரில் அது இறங்கும். தேநீரில் அது கிடையாது, கோலாவில் கிடையாது. காப்பியை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் சுவடு இல்லாமல் போய்விடும்.

சிதம்பரத்தில் ஓய்வுபெற்ற குமாஸ்தாக்கள், வாத்தியார்கள் என்று ஆட்களைச் சேர்த்திருந்தோம். கடலூரில் கடலோரக் குப்பம் ஒன்று. அதன் பெயர் இங்கே வேண்டாம். குப்பத்துக்குப் பொறுப்பு ஸ்டெல்லா என்ற பெண். வீடு வீடாகப் போய் எத்தனை வேளை காப்பி என்று கேட்டு எழுதுவதும், ஒருநாள் முழுக்கச் சேர்த்த சிறுநீரைக் கேனில் வாங்கி வருவதும் அவள் வேலை. அந்த வருடம், 2012இல், கோடையில் அவள் வாங்கி அனுப்பிய கேன்கள் ஒன்றில்கூடக் காப்பி இல்லை. எழுதி அனுப்பியதிலோ ஆளுக்கு நாலு வேளை, ஐந்து வேளை.

குப்பத்துக்கே போகாமல், வீட்டில் உட்கார்ந்துகொண்டு தன்னுடையதையே பங்கு போட்டு ஊற்றி அனுப்பிவிட்டாள் என்று எங்கள் பேராசிரியர் சந்தேகப்பட்டார். சம்பளத்தை நிறுத்திவிட்டார். நேரில் போய்ப் பார்த்து, அவளை வைத்துக்கொள்வதா, மோசடி என்று எழுதி அனுப்பிவிடுவதா என்று நான் சொல்ல வேண்டும். மோசடி என்று எழுதினால் பிறகு எந்த ஆஸ்பத்திரியும் எந்த ஆய்வும் அவளைச் சேர்க்காது. தமிழ் தெரிந்தவள் என்பதால் என் தலையில் விழுந்தது.

கடலூர் நகருக்குள் மஞ்சக்குப்பத்தில் விடுதி. போய்ச் சேர்ந்தபோது மின்சாரம் இல்லை. எப்போது வரும் என்று கேட்டேன். "போனது நமக்குத் தெரியும். வர்றது அவுங்களுக்கே தெரியாது மேடம்" என்றார் கல்லாவில் இருந்தவர். அந்த வருடம் தமிழ்நாடு முழுக்க அப்படித்தான் இருந்தது. ஸ்டெல்லா அனுப்பியவற்றில் சோதித்தது போக மிச்சம் இருந்ததும் இப்படி ஒரு மின்வெட்டில்தான் கெட்டுப்போயிருந்தது. குளிர்பெட்டி நின்று, நாற்றம் கிளம்பி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்கள். மறுபடி சோதித்துப் பார்க்க ஒரு சொட்டு இல்லை.

காலையில் ஸ்டெல்லா விடுதிக்கு வந்தாள். முப்பதுக்குள் இருக்கும். இஸ்திரி போட்ட பருத்திச் சுடிதார், கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் மடித்த குடை. திருடியைப் பார்க்கப் போகிறோம் என்று நான் மனத்தில் வைத்திருந்த முகம் அது இல்லை. முதலில் அவள் கேட்டது, "காப்பி குடிச்சிட்டீங்களா மேடம்?"

இல்லை, வா, சேர்ந்தே குடிக்கலாம் என்றேன். "எனக்கு ஆச்சு மேடம். இப்பதான் வூட்டுல குடிச்சிட்டு வர்றேன்" என்றாள்.

எதிர்க் கடையில் நான் மட்டும் குடித்தேன். எங்கள் ஊரில் கோப்பி என்போம். சீனர் கடையில் கெட்டிப்பாலை அடியில் ஊற்றி, மேலே கறுப்பாகக் கோப்பியை ஊற்றி, வேண்டுமானால் பிளாஸ்டிக் பையில் கயிறு கட்டித் தொங்கவிட்டும் கொடுப்பார்கள். இங்கே கண்ணாடிக் கிளாஸில், நுரை வாய்வரை. கசப்பு நாக்கில் நின்றது. நன்றாகவே இருந்தது. நீ எத்தனை வேளை குடிப்பாய் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "மூணு வேளை மேடம். அது இல்லன்னா எனக்குத் தலவலி வந்துரும்" என்றாள்.

பிறகு விஷயத்துக்கு வந்தேன். சுற்றிவளைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. கேன்களில் ஏன் காப்பி இல்லை என்று கேட்டேன்.

"அது தடைக்காலம் மேடம்" என்றாள். சித்திரை வைகாசியில் மீன் குஞ்சு பொரிக்கும் சமயம் என்று விசைப்படகுகளைக் கடலுக்கு விடமாட்டார்கள். குப்பத்து ஆண்கள் எல்லாரும் அந்தப் படகுகளில் கூலிக்குப் போகிறவர்கள். படகு நின்றால் வீட்டில் அடுப்பு நிற்கும். "அப்ப யாரும் காப்பி குடிக்கல மேடம். பால் வாங்கவே முடியாது. காலையில நீராகாரம். அதுவும் ஆம்பளைங்களுக்கும் புள்ளைங்களுக்கும்தான்."

அப்படியென்றால் அஞ்சு வேளை என்று ஏன் எழுதினாய்?

"அவுங்க அப்பிடித்தான் சொன்னாங்க. அவுங்க சொல்றத மாத்தாம எழுதணும்னு ட்ரெயினிங்ல உங்க ஆளுங்கதான சொன்னாங்க."

எனக்குக் கோபம் வந்தது. பதில் சரியாக இருந்ததால் வந்த கோபம் என்று இப்போது தெரிகிறது. குடிக்காதவர்கள் எதற்காக அஞ்சு வேளை என்று சொல்ல வேண்டும் என்றேன். அவள் குடையின் பிடியைத் திருகிக்கொண்டு, "காப்பி குடிச்சீங்களான்னு ஒருத்தவங்க கேட்டா, இல்லன்னு எப்பிடி மேடம் சொல்லுவாங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் பேராசிரியரோடு தொலைபேசியில் பேசினேன். கேன்கள் அவளுடையதுதானா என்பதுதான் உங்கள் சந்தேகம், அவள் மூன்று வேளை காப்பி குடிப்பவள், அவளுடைய சிறுநீரையும் எடுத்துப் பாருங்கள், அதில் காப்பி இருந்தால் அந்தக் கேன்கள் அவளுடையதாக இருக்க முடியாது என்றேன். நல்ல யோசனை என்றார். ஆனால் எதற்கு என்று அவளிடம் சொல்லக் கூடாது, சொன்னால் வேண்டுமென்றே குடித்துவிட்டு வருவாள், அப்புறம் சோதனைக்கு அர்த்தம் இல்லை என்றார். சரி என்றேன். அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்து நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் குப்பத்துக்குப் போனோம். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த கான்கிரீட் வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. உப்புக் காற்றில் கம்பி துருவேறிச் சுவர் வெடித்திருந்தது. கழிப்பறை என்று கட்டிய அறைகளில் வலையும் மிதவைக் கட்டையும் அடைந்து கிடந்தன. தண்ணீர் வராத கழிப்பறையை வேறு எதற்கு வைத்துக்கொள்வார்கள்? ஒருநாள் முழுக்கக் கேனில் பிடித்துக் கொடுங்கள் என்று கோலாலம்பூரிலிருந்து எழுதி அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. இருட்டுவதற்கு முன் இந்தப் பெண்கள் எங்கே போய் உட்காருவார்கள் என்று எங்கள் கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை.

தடைக்காலம் முடிந்து படகுகள் போக ஆரம்பித்திருந்தன. குப்பம் தெம்பாக இருந்தது. கருவாடு காய்ந்துகொண்டிருந்தது, யாரோ பாட்டை அலறவிட்டிருந்தார்கள். முதல் வீடு அஞ்சலையுடையது. நாற்பதைத் தாண்டியவள், கூடையில் மீன் விற்கிறவள், குரலில் அந்தத் தொழில் தெரியும். புருஷன் கடலில். கல்யாண வயதில் ஒரு பெண் வீட்டில்.

"வாம்மா ஸ்டெல்லா. யாரு இது, மலேசியா மேடமா? உக்காருங்க. காப்பி குடிச்சாச்சா?"

ஆயிற்று என்றேன். சொன்ன பிறகும் காப்பி வந்தது. எவர்சில்வர் டம்ளரில், சர்க்கரை தூக்கலாக, ஒன்றே ஒன்று. ஸ்டெல்லாவுக்கும் போட உள்ளே திரும்பினாள் அஞ்சலை. "எனக்கு ஆச்சுக்கா. மேடம் கூடத்தான் குடிச்சேன்" என்று ஸ்டெல்லா தடுத்துவிட்டாள். என்னோடு அவள் குடிக்கவில்லை. காப்பி போடும் சிரமத்தைத் தவிர்க்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

குடித்துவிட்டு மெல்ல ஆரம்பித்தேன். தடைக்காலத்தில் நீங்கள் காப்பி குடித்தீர்களா என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அஞ்சலையின் முகம் மாறியது. "இன்னாம்மா இப்பிடிக் கேக்குற? தடைக்காலம்னா காப்பித் தண்ணி கூட இல்லாமயா பூட்டோம்? எந்த வூட்ல வேணா கேட்டுப் பாரு. எப்பவும் போல அஞ்சு வேளை."

"ஆமாம்மா. எங்க வூட்லயும்தான்" என்றாள் வாசலில் நின்ற ஒருத்தி.

எல்லா வீட்டிலும் கேட்டேன். எல்லா வீட்டிலும் குடித்திருந்தார்கள். ஒரு வீட்டில், தடைக்காலத்தில் வேலை இல்லாததால் இரண்டு வேளை ஜாஸ்தியாகவே குடித்தோம் என்றார்கள். ஒவ்வொரு வீடாக ஏறி இறங்க ஏறி இறங்க, ஸ்டெல்லாவின் மோசடி நிரூபணமாகிக்கொண்டே போனது. அவள் என் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஓர் இடத்திலும் குறுக்கே பேசவில்லை. யக்கா, அன்னிக்கு என்கிட்ட அரிசி கேட்டீங்களே என்று அவள் யாரிடமாவது சொல்லியிருக்கலாம்.

எல்லாருக்கும் புதிய கேன் கொடுத்தோம். வேலை செய்கிறவர்களும் ஆளுக்கு ஒன்று தர வேண்டும், நானும் தருகிறேன் என்று சொல்லி ஸ்டெல்லாவிடமும் ஒன்றைக் கொடுத்தேன். சிரித்தாள். "எங்கம்மா பாத்தா இன்னா வேலடி இதுன்னு கேப்பாங்க" என்று பையில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் முதுநகரில் ஒரு கடையில் நிறுத்தினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மீன் ஐஸ் உருகி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஏன் காப்பி வாங்கித் தருகிறேன் என்றுதான் சொல்லக் கூடாது. காப்பி வாங்கித் தரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! வா, ஒரு காப்பி குடி என்றேன்.

"ஆச்சு மேடம், இப்பதான்."

எப்போது ஆயிற்று? காலையிலிருந்து என்னோடுதான் இருந்தாள். நான் ஆட்டோக்காரரோடு பேசிக்கொண்டிருந்தபோது குடித்திருப்பாள் போல என்று நினைத்தேன். நன்றாக நினைவிருக்கிறது, அப்படித்தான் நினைத்தேன். என் கிளாஸை வாங்கி நான் குடித்தேன். அவள் குடை நிழலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கேன்களைச் சேர்த்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினோம். பழைய கேன்கள் கெட்டுப்போன பிறகு ஜெனரேட்டர் வைத்த எங்கள் சோதனைக்கூடம் அங்கேதான் இருந்தது. அங்கே சின்னச் சீசாக்களில் பிரித்து, ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். எங்கள் ஊர்ப் பேருந்தில் வாய் திறந்து பேசினால் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே பேசாதவர்களைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஓட்டுநர் பிரேக் போட்ட போடில் பெட்டி ஒன்று சரிந்து, ஒரு கேனின் மூடி கழன்றது. மஞ்சளாக ஓர் ஓடை இருக்கைகளுக்கு அடியில் முன்னால் போயிற்று. ஓர் அம்மாள் காலைத் தூக்கிக்கொண்டு, "இன்னா தண்ணி இது?" என்றாள்.

"மீன் தண்ணிதாங்க" என்றாள் ஸ்டெல்லா சட்டென்று.

"மீன் கூடையப் பின்னாடி வைங்கன்னு எத்தினி தடவ சொல்றது?" என்று நடத்துநர் சத்தம் போட்டார். ஸ்டெல்லா குனிந்து உட்கார்ந்து, தன் துப்பட்டாவை எடுத்துத் தரையைத் துடைத்தாள். கடைசி இருக்கை முதல் முன் சக்கரத்து மேடு வரைக்கும் துடைத்தாள். துப்பட்டாவைச் சுருட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இந்தப் பெண் வீட்டில் உட்கார்ந்து கேனில் ஊற்றியிருப்பாள் என்பதை அந்த நிமிடம் முதல் நான் நம்பவில்லை. ஆனால் நான் நம்புவதை வைத்துக்கொண்டு கோலாலம்பூரில் எதுவும் செய்ய முடியாது.

சிதம்பரத்தில் முடிவுகளுக்காகச் சில நாள் காத்திருந்தேன். கீழ வீதியில் ஒரு கடையில் இட்லிக்குக் கத்திரிக்காய்க் கொத்சு ஊற்றினார்கள். காரம் ஏறிக் கண்ணில் நீர் வந்தது, மறுபடியும் கேட்டு வாங்கினேன். அங்கே எங்கள் ஆட்களில் ஒருவரைப் பார்க்கப் போனேன். சபேசன், நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை நோய் உண்டு. ஒரு நாளைக்கு இரண்டே காப்பி, அதுவும் அரை டம்ளர் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவருடைய சிறுநீரில் எப்போதுமே அதைப் போல மூன்று மடங்கு இருக்கும். வீட்டம்மா உள்ளே போன நேரத்தில் குனிந்து, "சாமி கும்புடப் போறப்ப மேல வீதியில ஒண்ணு, வர்றப்ப ஒண்ணு. வூட்ல சொல்லிடாதீங்க" என்றார்.

எங்கள் ஆய்வில் சபேசன் மாதிரி ஆட்களுக்கு ஒரு பெயர் உண்டு, கணக்கில் ஒரு திருத்தமும் உண்டு. குறைத்துச் சொல்வது மனித இயல்பு என்று பாடத்திலேயே இருக்கிறது. யாரும் அவருடைய கேனைச் சந்தேகப்படவில்லை. குடிக்காததைக் குடித்ததாகச் சொல்வதற்குத்தான் பாடத்தில் இடம் இல்லை. எனக்கு அப்போதுதான் கிள்ளான் நினைவுக்கு வந்தது. அங்கே காலையில் யாரைப் பார்த்தாலும் 'பசியாறியாச்சா?' என்போம். என் வாழ்நாளில் யாரும் இல்லை என்று பதில் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாவுக்கு வேலை போயிருந்த வருடத்தில் எங்கள் அம்மாவும், ஆச்சு ஆச்சு என்றுதான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். இல்லை என்றால் எனக்குப் போடு என்று கேட்பதாக ஆகிவிடும். அதே கேள்வியை நாங்கள் தாளில் அச்சடித்துக் கொடுத்துப் பதிலை எண்ணிக்கொண்டிருந்தோம்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மின்னஞ்சலைத் திறந்தேன். குப்பத்து ஆட்கள் எல்லாருக்கும் காப்பி இருந்தது. என்னுடையதில் வழிந்தது. ஸ்டெல்லாவுடையதில் இல்லை. கொஞ்சமாக இருக்கிறது என்றுகூட இல்லை, சுத்தமாக இல்லை.

கீழேயே பேராசிரியர் எழுதியிருந்தார். நீ நேரில் வாங்கிய கேன்களில் காப்பி இருக்கிறது, அவள் அனுப்பியவற்றில் இல்லை. அவளிடமும் இல்லை. உன் யோசனை நல்ல யோசனை, நன்றி.

ஸ்டெல்லா சோதனைக்கூடத்து வாசலில் உட்கார்ந்து கேன்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாக எப்போது காப்பி குடித்தாய் என்று கேட்டேன்.

"ஆச்சு மேடம், காலையில..." என்று வழக்கம்போல ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். குழாயை மூடினாள். "சம்பளம் நின்னதுலேருந்து வூட்டுல பால் வாங்குறதில்ல மேடம். தம்பிக்கு காலேஜ் ஃபீசு இருக்குது."

எத்தனை தடவை கூப்பிட்டேன், ஒரு தடவை குடித்திருக்கக் கூடாதா என்று கத்தினேன். நிஜமாகவே கத்தினேன், உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நீங்க என்னைய விசாரிக்க வந்தவங்க. கூப்புட்ட உடனே வாங்கிக் குடிச்சா, காஞ்சு கெடந்தவ, இவ எதுவும் செய்வான்னு தோணும்ல மேடம்?"

சோதனை எதற்கு என்று சொன்னேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் அழுவாள் என்று நினைத்தேன். ஈரக் கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு, "அப்பிடியா" என்றாள். இன்னொரு கேனை எடுத்துக் கவிழ்த்துவிட்டு, "அப்ப ஒரு காப்பி குடிச்சிருந்தா போதும், இல்ல?" என்றாள்.

விடுவதாக இல்லை நான். அன்றைக்கே அவளையும் கூட்டிக்கொண்டு கடலூருக்குத் திரும்பி, குப்பத்துக்குப் போனேன். அஞ்சலை மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரிகளும் இருந்தார்கள். தனியாகப் பேச அந்தக் குப்பத்தில் இடம் ஏது? உள்ளதைச் சொன்னேன். தடைக்காலத்தில் நீங்கள் காப்பி குடித்தது உண்மையானால் ஸ்டெல்லா ஏமாற்றுக்காரி, அவள் வேலை போய்விடும், கெட்ட பெயரோடு போய்விடும் என்றேன்.

"வேணாங்க்கா. விடுங்க" என்றாள் ஸ்டெல்லா அஞ்சலையிடம்.

அஞ்சலை கூடையைக் கவிழ்த்து வைத்தாள். உள்ளே தன் பெண் நிற்பதைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்றவர்களைப் பார்த்து, அவர்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"குடிக்கல. எழுதிக்க. காப்பியும் இல்ல, டீயும் இல்ல. பகல்ல ஒரு வேளை சோறு. அடுப்பு எரியுதுன்னு தெரியட்டும்னு சும்மா சுடுதண்ணி வெச்சேன். இந்தப் பொண்ணு வந்து கேட்டப்ப அஞ்சு வேளைன்னு சொன்னேன். அதுக்குத் தெரியும் எல்லாம். எங்க வூட்டுப் பானைய அது பாத்துருக்குது." முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாசலில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கலைந்து போனார்கள். அன்றைக்கு எனக்குக் காப்பி வரவில்லை.

அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பினேன். பிறகு நானே அழைத்துப் பேசினேன். கெட்ட மனிதர் அல்லர் அவர். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"முதலில் குடித்தேன் என்றாள். நீ போய்க் காரணத்தைச் சொன்ன பிறகு குடிக்கவில்லை என்கிறாள். நான் எதை எடுத்துக்கொள்வது? உன் இடத்தில் வேறு யாராவது இருந்து இதை எனக்கு அனுப்பியிருந்தால், நீயே ஏற்க மாட்டாய்."

ஏற்க மாட்டேன்தான். இருபது வருடமாக அப்படித்தான் வேலை செய்திருக்கிறேன். மரபணுச் சோதனை செய்யலாமே என்றேன். எதை வைத்து என்றார். எல்லாம் கொட்டியாயிற்று என்பது எனக்கும் தெரியும். மோசடி என்று மட்டும் எழுதாதீர்கள் என்று கேட்டேன். நிரூபிக்கப்படவில்லை என்று எழுதலாம், ஆனால் அவளை வேலைக்கு எடுக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும் என்றார். குப்பத்தையும் ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். சபேசன் இருக்கிறார்.

ஸ்டெல்லாவிடம் சொன்னபோது தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அடையாள அட்டையைக் கழற்றி, நாடாவை அதைச் சுற்றிச் சுருட்டி என் கையில் வைத்தாள். அஞ்சலையக்காவுக்கு வேலை போன விஷயம் தெரிய வேண்டாம் மேடம் என்றாள். நாலு பேர் முன்னால் அவ்வளவு சொன்ன பிறகும் பிரயோஜனம் இல்லை என்றால் தாங்க மாட்டார்களாம்.

புறப்படும் நாள் காலையில், திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்துக்கு அவள் வழியனுப்ப வந்தாள். வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அதே இஸ்திரி போட்ட சுடிதார், அதே குடை. மேலே மட்டும் வேறு நிறத்தில் ஒரு துப்பட்டா. என் பெட்டியைத் தூக்கி மேலே வைத்தாள், ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்தாள். கீழே இறங்கி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். பக்கத்துக் கடையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்கள். வாசனை பஸ்ஸுக்குள் வந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட எனக்கு இறங்கவில்லை.

"காப்பி குடிச்சிட்டீங்களா மேடம்?" என்றாள்.

"ஆச்சும்மா" என்றேன். "இப்பதான்."